இரவல் உடம்பு

பாரிஸ் லா சப்பலில், எங்கள் ஈழத் தமிழ்க் கடைத்தெருவில், கண்ணை மூடுகிற ஆண்களில் பலருக்கும் ஒரே உடம்புதான். சாம்பல் நிறக் கோட்டு, கருஞ்சிவப்புக் கழுத்துப்பட்டி, மார்புப் பையில் ஒரு பேனா, நிமிர்ந்த தோள். மரண அறிவித்தலில் தலை மட்டும் மாறும். உடம்புக்குச் சொந்தக்காரர் அருள்நேசன். ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். ரூ பஜோலுக்குப் பக்கத்துத் தெருவில் அச்சுக்கடை நடத்துகிறார், மத்தியானம் ஒரு பிடி பிடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். ஆனால் கல்யாணமான புதிதில் அவர் எடுத்துக்கொண்ட படத்தில் கழுத்துக்குக் கீழே உள்ள பகுதி எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போய்வந்துவிட்டது.

தலையை வெட்டி ஒட்டுகிற வேலை கோசலையுடையது. சாவகச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து, கல்யாணப் பெண்களின் முகப்பருவை மறைக்கப் பழகியவள். பாரிசுக்கு வந்த பிறகு ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்து விரித்து முழங்கால் போனது. பிறகுதான் அருள்நேசனின் கடைக்கு வந்தாள். பென்சில் போய்க் கணினி வந்தது, கை அதே கைதான். நிறத்தை ஒரு சுற்று வெளுக்க வைப்பாள், முன் நெற்றியில் முடி நிரப்புவாள், தழும்பு, மரு, பல் இடுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். "அப்பா என்ன வடிவாய் இருக்கிறார்!" என்று பிள்ளைகள் மூக்கைச் சிந்துவார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கோட்டு போடுவதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் பலர் ‘பப்பியே’ என்கிற வதிவிடப் பத்திரம் இல்லாமல் வந்தவர்கள். படம் எடுக்கிற இடத்தில் நிற்கப் பயந்து பயந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள். அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த முறைப்புப் படம் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் யாருடையதோ பிறந்தநாளில் வாயில் கேக்கோடு நிற்கிற படம். அதை வைத்து என்ன செய்வது? குசினியிலேயே சமைத்துக் கழுவிக் காலம் தள்ளியவனை ஒரு நாளாவது கந்தோர் உத்தியோகத்தன் போல அனுப்பிவைப்போம் என்று குடும்பம் நினைக்கிறது. அதில் அன்பும் இருக்கிறது, கொஞ்சம் புளுகும் இருக்கிறது.

இந்தப் பிழைப்பு ஒழுங்காய் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தவரத்தினம் இறந்தார்.

பாரிசின் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் வீடு. பாரிசில் ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராய் உயர்ந்தவர். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ரொறன்ரோவிலிருந்து அவருடைய தம்பி துஷ்யந்தன் கடைக்குத் தொலைபேசி எடுத்து, "கெதியா அடியுங்கோ, கோட்டுப் போட்டு அடியுங்கோ" என்று அவசரப்படுத்தினார். விண்ணப்பப் படத்திலிருந்து தலையை எடுத்தாள் கோசலை. நிறத்தை வெளுக்க வைத்தாள். இடது மூக்கோரத்தில் பயறளவு மரு ஒன்று இருந்தது. அதைப் பழக்கதோஷத்தில் துடைத்தாள். அருள்நேசனின் கழுத்தில் தலையைப் பொருத்தினாள். வேலை முடிந்தது.

அதே வாரம், நகைக்கடையில் கணக்கெழுதிய ஒரு பெரியவரும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் படம் இந்தக் கடையில்தான். இரண்டு அறிவித்தலையும் ஒரு மரக்கறிக் கடைக்காரர் தன் கடைக் கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அதே கோட்டு, அதே பேனா, அதே இடத்தில் அதே சுருக்கம். இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டு பிணம். யாரோ ஒரு குறும்பன் படம் பிடித்து, விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளைப் போட்டு வட்சப்பில் அனுப்ப, லா சப்பல் முழுக்கப் பார்த்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கைத்தொலைபேசியில் கௌரியும் பார்த்தாள். கௌரி தவரத்தினத்தின் மனைவி.

அவள் கடைக்கு வந்தபோது சண்டைதான் என்று நினைத்து அருள்நேசன் எழுந்து உள்ளே போய்விட்டார். கௌரி சண்டை போடவில்லை. மகள் லக்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பெரிய படம் ஒண்டு வேணும். வீட்டிலை மாட்டிறதும் அதைத்தான். அவரின்ரை சொந்த உடம்போடை செய்து தருவியளே?"

"அவரின்ரை முழுப் படம் ஒண்டு கொண்டு வாங்கோ, செய்யிறன்."

"அதுதானே இல்லை. எல்லாருக்கும் படம் எடுக்கிறது அவர். அவரை ஆர் எடுத்தது?"

லக்சிகா கணினித் திரையில் கிடந்த அந்தக் கோட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாரிசில் பிறந்தவள், பல்கலைக்கழகம் போகிறவள். "செ பா பப்பா" என்றாள். அது அப்பா இல்லை. கோபமாய்ச் சொல்லவில்லை. தெருவில் தெரியாத ஆளை யாரோ அப்பா என்று காட்டினால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

கோசலைக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அழகாய் இல்லை என்று கூட ஒருவர் சொன்னதில்லை. இந்தப் பெண்ணோ ஆளே இல்லை என்கிறாள். "நான் செய்து தாறன்" என்று வாய் முந்திக்கொண்டது. எங்கே இருந்து செய்வது என்று அவளுக்கே தெரியாது.

"உமக்கென்ன விசரே?" என்றார் அருள்நேசன், அவர்கள் போனதும் வெளியே வந்து. "என்ரை படம் வேண்டாமெண்டால் இன்ரநெட்டிலை வேறை உடம்பு எடும். நீலக் கோட்டு போடும். ஆருக்கும் தெரியாது."

அது நடக்கக்கூடிய யோசனைதான். அன்று பின்னேரமே அவளும் நாலைந்து நீலக் கோட்டுகளைத் தேடி எடுத்து வைத்தாள். மறுநாள் லூடோவிக் வந்திராவிட்டால் தவரத்தினம் நீலக் கோட்டில் போயிருப்பார்.

லூடோவிக் பக்கத்து நூலகத்தில் வேலை செய்கிற இளைஞன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள்: கணினி இல்லாத காலத்திலேயே படங்கள் எப்படிப் பொய் சொல்லின என்பது பற்றி. அதற்குச் சுருட்டக்கூடிய பெரிய தட்டிகள் அச்சடிக்க வேண்டும். எல்லாத் தட்டியிலும் ஒரே ஆள். முந்நூற்றெழுபது, எண்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் படை நடத்தி, அரசனின் தலையை வெட்டுவித்த தளபதி, ஒலிவர் குரோம்வெல்.

தளபதிகள் மேல் கோசலைக்கு எந்த மரியாதையும் கிடையாது. ஊரில் போர் நடந்தபோது அவர்கள் செய்ததைக் கீழே இருந்து பார்த்தவள் அவள். "இவன் நல்லவனா?" என்று கேட்டாள்.

"அயர்லாந்துக்காரரிடம் கேட்டால் காறித் துப்புவார்கள், மதாம் கோசலை" என்றான் லூடோவிக்.

"அப்படியென்றால் எனக்குத் தெரிந்த ரகம்தான்" என்று அச்சு இயந்திரத்தை முடுக்கினாள்.

முதல் தட்டி வெளியே வந்தது. குதிரை மேல் கவசம் போட்ட வீரன், குரோம்வெல்லின் தலை. இரண்டாவது தட்டி: அதே குதிரை, அதே கவசம், தலை இருந்த இடம் வெறுமை. மூன்றாவது: அதே குதிரை, அதே கவசம், மேலே அரசன் சார்ல்ஸின் தலை. பிரான்சிலிருந்து லண்டனுக்குப் பிழைக்கப் போன ஒரு செதுக்குக்காரர் ஒரே செப்புத் தகட்டைச் சுரண்டிச் சுரண்டித் தலையை மாற்றி அச்சடித்திருக்கிறார். எந்தத் தலைக்கு மவுசோ அந்தத் தலை. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே உடம்பில் சவாரி போகிறார்கள்.

கோசலை வாய்விட்டுச் சிரித்தாள். "அண்ணை, இஞ்சை வாங்கோ! உங்கடை குதிரையைப் பாருங்கோ!" அருள்நேசன் வந்து பார்த்தார். மூன்று தட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் தொந்தியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடுத்த தட்டிகளில் அடங்கியது. எதிரிகள் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தில் குரோம்வெல்லுக்கு மூக்கு மட்டும் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. நாணயத்தில் உரோமச் சக்கரவர்த்தி மாதிரி தலையில் இலைமாலை. பின்னாளில் ஒரு பிரெஞ்சு ஓவியர் அவனை அரசனின் சவப்பெட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பவனாய் வரைந்திருந்தார். ஆளாளுக்கு அவனை வைத்து வேண்டியதைச் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சின்ன ஓவியம், உள்ளங்கை அளவு, தட்டிக்காகப் பெருப்பித்தது. அரைகுறையாய் விட்ட படம். கவசம் இல்லை, குதிரை இல்லை. மெலிந்த முடி, களைத்த கண், புருவத்தோரம் ஒரு மரு, உதட்டுக்குக் கீழே இன்னொன்று. மருவையும் சேர்த்தே வரை என்று அவனே ஓவியனுக்குச் சொன்னதாய் ஒரு கதை உண்டு, உண்மையோ தெரியாது என்று கீழே எழுதியிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் அவன் ஒரு தளபதி. இதில் மட்டும் யாரோ ஒருத்தியுடைய மனிசன் மாதிரி, தகப்பன் மாதிரி இருந்தான்.

கடைசித் தட்டியை அவள் இரண்டு தடவை வாசித்தாள். உயிரோடு இருந்தபோது அவனுக்கு முடிசூட்டப் பார்த்தார்கள், அவன் வேண்டாம் என்றான். செத்த பிறகு அவனைப் போல ஒரு பொம்மை செய்து, பட்டு உடுத்திச் சனங்களின் பார்வைக்கு வைத்தார்கள். அந்தப் பொம்மையின் தலையில் மணிமுடியையும் வைத்துவிட்டார்கள்.

"பாவி" என்றாள் கோசலை. தளபதியைச் சொன்னாளா, முடி வைத்தவர்களைச் சொன்னாளா, தன்னைத்தான் சொன்னாளா, லூடோவிக்குக்கு விளங்கவில்லை. அவன் தட்டிகளைச் சுருட்டிக்கொண்டு போனான். கோசலை கணினிக்குப் போய் எல்லா நீலக் கோட்டையும் அழித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. முப்பத்தோராம் நாளுக்குள் தவரத்தினத்தின் உடம்பு வேண்டும், அதுவும் அவருடையதே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆர்ஜொந்தெய்க்கு ரயில் ஏறினாள். கௌரி அல்பங்களை எல்லாம் மேசையில் பரப்பினாள். லக்சிகா பிறந்தநாள், லக்சிகா கடற்கரை, லக்சிகா சைக்கிள். எடுத்தவர் எங்கேயும் இல்லை. ஒரு படத்தில் மட்டும் புல்லின் மேல் ஒரு நிழல், இரண்டு முழங்கையையும் தூக்கிக் கமராவைப் பிடித்தபடி. கோசலை அந்த நிழலை வெகுநேரம் பார்த்தாள். நிழலுக்கு மாலை போட முடியாது.

உணவகத்துக்குப் போனாள். கூட வேலை செய்தவர்கள் தங்கள் தொலைபேசிகளைத் துழாவினார்கள். தவரத்தினத்தின் முதுகு கிடைத்தது. தலை திருப்பிய பின்மண்டை கிடைத்தது. வெள்ளைத் துணி கட்டிய இடுப்பு, பானையைப் பிடித்த கை. படம் எடுக்கிறார்கள் என்றால் மனிதர் தன்பாட்டில் திரும்பிக்கொள்வாராம். பப்பியே கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லையாம்.

"விடும் பிள்ளை, நாள் போகுது" என்றார் அருள்நேசன்.

"விடமாட்டன் அண்ணை."

"கிடைக்காட்டி?"

"கிடைக்கும்."

கௌரிக்குத் தொலைபேசி எடுத்தாள். "அவர் லீவெடுத்து எங்கையும் போறவரே?" என்று கேட்டாள்.

"எங்கை போறது? தேருக்கு மட்டும் லீவெடுப்பார். தண்ணிப்பந்தலிலை நிண்டு சனத்துக்கு மோர் வாத்துக் குடுப்பார்."

கோசலை தலையில் கை வைத்தாள். பிள்ளையார் கோவில் தேர் ஊர்வலத்தை வருஷா வருஷம் படம் எடுப்பது அருள்நேசனின் கடைதான். சுவாமிக்காக எடுத்த படங்கள். சுவாமியையும் தேரையும் மட்டும் வெட்டியெடுத்துக் கலண்டர் அடித்துவிட்டு, மிச்சத்தை வட்டுகளில் பதிந்து சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டுவைத்திருந்தார்கள். அந்த மிச்சத்தில்தான் சனம் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குப் போனது. ஒரு கையில் இடியப்பப் பொதி, மறு கையில் கணினியின் சுட்டி. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தேங்காய்க் குவியல், காவடி, குடை, அழுகிற குழந்தை, கூட்டத்தை விலக்குகிற பொலிஸ்காரி. தேருக்குப் பின்னால் பந்தல் தெரிகிற படங்களைப் பொறுக்கினாள். ஒன்றில் பந்தலில் வேறு ஆள். இன்னொன்றில் அவரேதான், ஆனால் குனிந்து அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு. இன்னொன்றில் முகத்துக்கு நேரே ஒரு ஆலவட்டம். அருள்நேசன் முதலில் உச்சுக்கொட்டினார், பிறகு முணுமுணுத்தார். பிறகு அவரும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "நில்லும், நில்லும், அந்தப் பக்கம் பெருப்பியும்" என்று விரலால் திரையைத் தொட ஆரம்பித்தார்.

கடைசியில் அவர்தான் முதலில் கண்டார். "உது ஆர்?"

தேர்ச் சில்லின் ஓரத்தில், நகம் அளவில், தவரத்தினம். தோளில் துவாய், கையில் அகப்பை, மேல் பொத்தான் பூட்டாத சட்டை. யாரோ மோர் வாங்க வந்தவர் எதையோ சொல்லியிருக்கவேண்டும். மனிதர் தலையைச் சரித்துச் சிரிக்கிறார். கமரா தேரைப் பார்க்கிறது என்ற நம்பிக்கையில் ஒளிக்க மறந்துபோன சிரிப்பு. மூக்கோரத்தில் மரு. கழுத்தில் எண்ணெய் சுட்ட தழும்பு. அவருடைய கறுப்பு நிறம், வெயிலில் மினுங்கிக்கொண்டு.

கோசலைக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த மனிதர் ஒருவருக்காக அவள் அந்தக் கதிரையில் அழுதது அதுதான் முதல் தடவை.

பெருப்பித்தபோது படம் புள்ளி புள்ளியாய் உடைந்தது. புள்ளிகளைத் தணித்தாள், மற்றபடி முகத்தில் கை வைக்கவில்லை. பழக்கத்தில் விரல் மருவுக்குப் போனது, விரலை எடுத்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்களை அழித்தாள். இடது முழங்கையை ஒருவருடைய குடை மறைத்திருந்தது. அருள்நேசன் வாயைத் திறக்குமுன், "உங்கடை முழங்கை வேண்டாம் அண்ணை" என்றாள். தவரத்தினத்தின் வலது முழங்கையையே எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்தாள். கடைசியில் அந்தப் படத்தில் அவருடையது அல்லாத அங்கம் ஒன்றுமில்லை.

படத்தை ரொறன்ரோவுக்கு அனுப்பியதுதான் தாமதம், துஷ்யந்தன் கைத்தொலைபேசித் திரையில் முகம் காட்டி அழைத்தார். கடையில் கௌரியும் இருந்தாள்.

"என்ன அண்ணி இது? உலகம் முழுக்கக் கோட்டோடை அறிவிச்சிருக்கிறம். இப்ப அகப்பையோடையோ? எங்கடை ஐயா பள்ளிக்கூட அதிபர். அண்ணை பிரான்சிலை மோர் வாத்தவர் எண்டு சனம் கதைக்கோணுமோ? அக்கா, நீங்கள் பழைய தலையை வேறை கோட்டிலை போட்டு அனுப்புங்கோ."

"போடமாட்டன்" என்றாள் கோசலை.

"ஏன் போடமாட்டியள்? அதுதானே உங்கடை வேலை?"

"ஓம், அதுதான் என்ரை வேலை. நேற்றுவரைக்கும் செய்தன். ஒரு தளபதியின்ரை படங்கள் அடிச்சனான், தம்பி. ராசாமுடி வேண்டாம் எண்டு சொன்ன ஆள். செத்தாப் போலை முடியை வைச்சு விட்டவை, ஏனெண்டால் அவனாலை பேந்து வாய் திறக்க ஏலாது. உங்கடை அண்ணையாலையும் ஏலாது. ஆனால் அவரின்ரை மனிசி இஞ்சை நிக்கிறா. அவவைக் கேளுங்கோ."

துஷ்யந்தன் திரையில் கௌரி பக்கம் கண்ணைத் திருப்பினார். கௌரி மச்சானை எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பழகாதவள். சேலைத் தலைப்பை முறுக்கினாள், அவிழ்த்தாள்.

"தம்பி," என்றாள், "கோட்டுப் போட்ட அந்த மனிசனோடை நான் குடும்பம் நடத்தேல்லை. வீட்டிலை அவரை மாட்ட எனக்கு ஏலாது. இந்தப் படம்தான் வைக்கிறது. உங்களுக்குக் கோபமெண்டால் பேந்து ஒரு நாளைக்குப் பேசுங்கோ, நான் கேக்கிறன்."

முப்பத்தோராம் நாள் ஆர்ஜொந்தெய்யில் வாடகை மண்டபம் ஒன்றில். துஷ்யந்தன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார், உம்மென்ற முகத்தோடு. காலையிலேயே கோசலை படத்தைக் கொண்டுவந்து, மேசையில் நிறுத்தி, மாலை போட்டு, முகம் மறையாதபடி சரிசெய்துவிட்டுப் பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு ஒருவர், "எனக்கு ரெண்டு கோப்பை தந்தவர், மூண்டாவது கேக்கச் சிரிச்சவர்" என்றார். மற்றவர் இன்னொன்று சொன்னார். மண்டபத்தில் செத்தவரைப் பற்றிய பேச்சு உயிரோடு இருப்பவரைப் பற்றிய பேச்சாய் மாறிக்கொண்டிருந்தது. துஷ்யந்தன் எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். இங்கு வந்த பிறகு ஊருக்குத் திரும்பாத அண்ணனை அவர் தான் பெடியனாய் இருந்தபோது பார்த்ததோடு சரி. "அண்ணை இப்பிடியோ சிரிக்கிறவர்?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார். கோசலைக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

கௌரி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். ஐயருக்குத் தண்ணீர், பந்திக்கு வாழையிலை, வந்தவர்களுக்குக் கதிரை. படத்தின் பக்கமே திரும்பவில்லை. ஐயர் கூப்பிட்டபோதுதான் பூத்தட்டோடு வந்து அதன் முன் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது. ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று கோசலை நினைத்தாள்.

"என்னப்பா இது," என்றாள் கௌரி படத்தில் இருந்தவரிடம், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், உண்மையான சினத்தோடு, "இவ்வளவு சனம் வந்திருக்கினம். உந்தச் சட்டைப் பொத்தானைப் பூட்டுங்கோவன்!"

தட்டைக் கீழே வைத்துவிட்டு, படத்தில் திறந்து கிடந்த அந்தப் பொத்தானைப் பூட்டக் கை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது. அப்போதுதான், அவர் இறந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.